நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

எங்கள் மலைக்கு ஆனி மாதம் வருகிற மழை, ஆவணி வரைக்கும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும். அந்த மழைக்கு நடுவே ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நான் வாங்கிய காரின் நாலு டயருக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காயும் பூசணிக்காயும் சுற்றி உடைத்து, சாவியைத் திருகி ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் கத்தியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, எதிர்வீட்டில் மோட்டார் கருகி வருஷக்கணக்காக மூலையில் கிடந்த ஜெயக்கொடியின் கிரைண்டர் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது.

ஜெயக்கொடி வாசலுக்கு வந்து, கிரைண்டரைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, காலை எடுத்துராதீங்க. உளுந்து ஊறிக்கிட்டுத்தான் இருக்கு, இந்தா போட்டுடுறேன்" என்றாள்.

நான் எடுத்தேன். கிரைண்டர் நின்றது. மிதித்தேன். சுற்றியது. தெருவே சிரித்தது. தேங்காய்ச் சில்லுக்குக் காத்திருந்த கூட்டம், இட்லி மாவுக்குப் பாத்திரம் எடுக்கப் போய்விட்டது.

என் கோபம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் என்னைத் தெரிய வேண்டும். நான் மாடக்கண்ணு. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அஞ்சாம் வகுப்போடு நின்று, எஸ்டேட்காரர்கள் கழித்துப் போட்ட பாய்லர், இரும்புக் குழாய், துருப்பிடித்த தராசு எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்து விற்று ஆளானவன். என்னிடம் பொருள் விற்றவன் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வராது என்பார்கள். அப்படிப்பட்டவன் மேல்பாறை எஸ்டேட் மேனேஜர் பங்களாவில், கியர் தானாக மாறுகிற இந்தக் காரை, அந்த மேனேஜர் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் பேரம் பேசி எடுத்தேன். அந்தத் தண்ணீர் எதற்கு வந்தது என்று இப்போது தெரிகிறது. சிரிப்பை அடக்கினால் கூடக் கண்ணில் தண்ணீர் வரும்.

பங்களாவிலிருந்து கடைவீதி வரைக்கும் இறக்கம். வண்டி வெண்ணெய் மாதிரி வந்தது. எங்கள் தெருவோ ஏற்றம். தெருமுனைக்கு வந்ததும் என் பெண்டாட்டி சொர்ணம் கையை நீட்டி மறித்தாள். பூசை போடாத வண்டியை இன்ஜின் போட்டுத் தெருவுக்குள் ஏற்றினால் ஆகாதாம். சரியென்று தெருவே சேர்ந்து தள்ளி வீட்டு வாசலில், ஏற்றத்தைப் பார்க்க நிறுத்தியது. பேரத்தில் என்னைச் சாய்க்க ஆள் இல்லை, சம்பிரதாயம் சாய்த்துவிட்டது.

கார் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றது சொகுசுக்கு இல்லை. என் ஒரே மகள் தமயந்தி, மலைக்குக் கீழே ஆனைமலைப் பக்கம் தேங்காய் வியாபாரி ஆறுச்சாமியின் மகனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். கல்யாணப் பந்தியில் அந்த ஆறுச்சாமி, "சம்பந்தி வீட்டுக்காரங்க பஸ்ஸுல வந்திருக்காங்க, பாவம், நம்ம ஜீப்புல கொண்டுபோய் விட்டுருங்கப்பா" என்றார். அந்தப் 'பாவம்' என் காதில் ஈயமாக இறங்கியது. சாப்பிட்ட இலையை மூடிவிட்டு எழுந்து நின்று சொன்னேன்: "தலைப்பிரசவத்துக்கு என் மகளை என் சொந்த வண்டியில ஏத்திக்கிட்டுப் போவேன். இல்லைன்னா அவ பிள்ளையை உங்க வீட்டுலயே பெத்துக்கட்டும்."

கோபத்தில் சொன்னது. கோபத்தில் சொன்னதை மறந்துவிடுகிற மகளை நான் பெறவில்லை. ஒன்பதாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்ததும் போனில் சொன்னாள்: "வாடகை வண்டியில வந்தீங்கன்னா ஏற மாட்டேன்ப்பா. இரவல் வண்டியிலயும் ஏற மாட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாத்துங்க, இல்லைன்னா பேரப்பிள்ளையைப் பாக்க நீங்க பஸ்ஸுல வாங்க." சொர்ணம் அதற்குள் நடு அறையை வெள்ளையடித்து, உத்தரத்தில் தொட்டில் கொக்கி மாட்டிவிட்டாள். தினமும் அந்தக் கொக்கியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. பேசவே வேண்டாம்.

ஆகையால் யாக்கோபுவைக் கூப்பிட்டேன். யாக்கோபு மெக்கானிக். அவனிடம் பேரம் பேச முடியாது. நாம் எதைக் கேட்டாலும் அவன் திருப்பி ஒரு கேள்வி கேட்பான்.

"ஏத்தத்துல ஓட்டிப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"இல்ல."

"பின்ன எங்க ஓட்டிப் பாத்தீங்க?"

"பங்களா இறக்கத்துல."

"இறக்கத்துல கழுதையைக்கூட காருன்னு விக்கலாமே, தெரியாதா?"

எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவினான், மோந்தான், என் மூக்குக்கு நேரே நீட்டினான். சிவப்பாக இருக்க வேண்டிய கியர் எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில், அடிப்பிடித்த பாகு மாதிரி நாறியது. பிறகு என்னை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை ஒரு காலால் அமுக்கி ஆக்சிலேட்டரை மறுகாலால் மிதிக்கச் சொன்னான். இன்ஜின் சுற்றைக் காட்டுகிற முள் விர்ரென்று ஏறியது, வண்டி துளிகூட முன்னால் இழுக்கவில்லை, எதிரே கிரைண்டர் பறந்தது, ஜெயக்கொடி "மெதுவா, மெதுவா, மாவு தெறிக்குது!" என்று கத்தினாள்.

யாக்கோபு காலை எடுக்கச் சொன்னான். "கியர் பாக்ஸுக்குள்ள பில்லை பில்லையா பிளேட்டு இருக்கும் அண்ணாச்சி. எண்ணெய் அழுத்துற அழுத்தத்துல ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிடும். கவ்வினா இன்ஜின் சுத்துறது சக்கரத்துக்குப் போவும். பிளேட்டு தேஞ்சு கருகிட்டா, இன்ஜின் பாட்டுக்கு இன்ஜின், சக்கரம் பாட்டுக்குச் சக்கரம். வழுக்குது."

"அப்ப இன்ஜின் சுத்துற சுத்தெல்லாம் எங்கடா போகுது?"

அவன் உதட்டை ஜெயக்கொடி வீட்டுப் பக்கம் குவித்துக் காட்டினான். "அதான் போகுதே?"

அடியில் படுத்து எண்ணெய்த் தட்டைக் கழற்றினான். அந்தத் தட்டில் ஒரு காந்தம் இருக்கும், தேய்ந்த இரும்புத்தூள் அதில் ஒட்டியிருக்கும், தூளைப் பார்த்தால் நோயின் அளவு தெரியும் என்றான். இரும்புத்தூள் இருந்தது. அதோடு ஒரு கை உளுந்து மாவும் இருந்தது. யாக்கோபு அதை விரலால் தொட்டு, "நல்லாப் பொங்கியிருக்கு" என்றான். "போற வழியில திரும்பியும் வருது போல." வடிகட்டியை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, தட்டை மூடினான். நான் குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு மிதித்தேன். எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது.

ஜெயக்கொடி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "அண்ணாச்சி, புது எண்ணெய் ஊத்தினதும் சத்தமே இல்லாம சுத்துது. ரொம்ப உபகாரம்."

தேய்ந்த பிளேட்டுக்குப் புது எண்ணெய் பல்லில்லாதவனுக்குக் கொடுத்த கரும்பு மாதிரி, பிளேட்டையே மாற்ற வேண்டும், கோயம்புத்தூரில் சொல்லிவைத்தால் வரும், வருகிறபோது வரும் என்று சொல்லிவிட்டு யாக்கோபு போய்விட்டான். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேட்டீங்களா?" என்றான்.

அதற்குள் மழை மரத்தைச் சாய்த்து, மரம் கம்பியைச் சாய்த்து, மலை முழுக்கக் கரண்டு போனது. மற்றத் தெருக்காரர்கள் இருட்டில் உட்கார்ந்து வாரியத்தைத் திட்டினார்கள். எங்கள் தெருக்காரர்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"அண்ணாச்சி, மிதிக்க வரலையா?"

முதலில் கிரைண்டர் மட்டும்தான் சுற்றியது. பிறகு, அழுத்தி மிதித்தால் டெய்லர் ஹமீதின் தையல் மிஷின் ஓடும் என்பதும், இன்னும் அழுத்தினால் சலூன் மணவாளனின் நாற்காலி ஆளோடு சுழலும் என்பதும், விட்டுவிட்டு மிதித்தால் ரேஷன் கடையின் இறுகிப்போன ஷட்டர் படிப்படியாக ஏறும் என்பதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது, தெரிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் ஒதுக்கப்பட்டது, ஒதுக்கிய நேரத்துக்கு நான் உட்காரவில்லையென்றால் சொர்ணத்திடம் புகார் போனது. பள்ளிக்கூடத்துச் சீருடை முழுவதையும் ஹமீது அந்த மழையில் தைத்து முடித்தான். கரண்டு வாரியத்திலிருந்து ஒருத்தர் குடையோடு வந்து, திருட்டு இணைப்பு என்று வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடி, ஒரு கம்பியும் கிடைக்காமல், கிழிந்திருந்த தன் கால்சட்டையை ஹமீதிடம் தைத்து வாங்கிக்கொண்டு போனார். வார்டு கவுன்சிலர் வந்து சால்வை போர்த்தினார். வண்டிக்கு. பக்கத்துத் தெருக்காரர்கள் வாரத்தில் பாதி நாள் அங்கே நிறுத்தினால் என்ன என்று கேட்டார்கள். எங்கள் தெரு அவர்களோடு சண்டைக்குப் போனது, என் வண்டிக்காக, என்னைக் கேட்காமல்.

எலுமிச்சம்பழங்களை எடுத்து எறியலாம் என்றால் சொர்ணம் விடவில்லை. வைத்த பழத்தை நசுங்காமல் எடுத்தால் வீட்டுக்கு வர வேண்டிய நல்லது வாசலோடு திரும்பிவிடுமாம். நாலுக்கும் நாலு கொட்டாங்கச்சி கவிழ்த்து மழைக்கு மறைத்தாள்.

ஒருநாள் மத்தியானம் நான் சோற்றில் கைவைத்திருக்கும்போது வெளியே கண்ணாடி உடைகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஆளில்லாத வண்டி தானாக ஒரு சாண் பின்னால் போய் ரேஷன் கடைப் படியில் பின்விளக்கை இடித்துக்கொண்டு நிற்கிறது. சலூனில் மணவாளன், யாரோ ஒருவரைக் கண்ணாடிப் பக்கம் திருப்புகிறேன் என்று நாற்காலியைக் கையால் சுழற்றியிருக்கிறான்.

"என் வண்டியில கைவெச்சியாடா?"

"நாற்காலியிலதாண்ணே வெச்சேன்" என்றான்.

திட்டத் தெரிந்தது, யோசிக்கத் தெரியவில்லை. அவனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிவிட்டு, எல்லோருமாக வண்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, போய் மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன்.

பிளேட்டு வந்துவிட்டது என்று யாக்கோபு சொன்ன அன்று, தெரு மொத்தமும் ரேஷன் கடை வாசலில் கூடியது.

"வண்டியைச் சரிபண்ணி என்ன பண்ணப் போறீங்க அண்ணாச்சி?" ஜெயக்கொடிதான் ஆரம்பித்தாள்.

"ஓட்டப் போறேன்! வண்டின்னா எங்கேயாவது போகணும்."

"இங்கேயே இருந்து இவ்வளவு செய்யுதே, அது போய் என்ன செஞ்சிரப்போகுது?" இது மணவாளன்.

"என் மகளைக் கூட்டியாரணும்யா! நாளைக் கழிச்சு வளைகாப்பு!"

"நம்ம தமயந்திக்கு நாங்க குறுக்க நிப்போமா?" என்றான் ஹமீது. "கூட்டியாந்துட்டு புது பிளேட்டைத் திருப்பிக் கழட்டிர முடியுமான்னுதான் கேக்குறோம்."

நாற்பது வருஷம் பேரம் பேசியவன் நான். அன்றைக்குப் பேரம் பேசவில்லை. "ஒரு பிளேட்டுகூட பழசு இருக்கக் கூடாது!" என்று யாக்கோபுவைப் பார்த்துக் கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவைச் சாத்தினதுதான் நான் செய்த தப்பு. பேரம் முடிவதற்கு முன்னால் எழுந்து போகிறவன் தோற்பான் என்று ஊருக்குச் சொன்னவன் நான்.

யாக்கோபு கியர் பாக்ஸை இறக்கி, பிரித்து, மாவையும் நீலச் சீருடை நூலையும் கத்தரித்த முடியையும் வாரி வெளியே போட்டு, புது பிளேட்டு போட்டு, மாட்டினான். நியூட்ரலில், கொட்டாங்கச்சிகளில் சக்கரம் ஏறாமல் ஒடித்துப் பின்பக்கமாகத் தெருவை விட்டு இறக்கி, கடைவீதி மேட்டில் ஓட்டிக் காட்டினான். ஏறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெரு இரண்டு பக்கமும் நின்று, பிணத்தை வழியனுப்புகிற முகத்தோடு வழியனுப்பியது.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஆறுச்சாமி என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், உடைந்த பின்விளக்கைத் தடவினார். "மலையேறிருமுங்களா சம்பந்தி?" என்றார். நான் கதவைத் திறந்துவிட்டேன். கை நிறைய வளையலோடு தமயந்தி பின்னால் ஏறிச் சாய்ந்துகொண்டாள், சொர்ணம் அவள் பக்கத்தில், சீர்த்தட்டெல்லாம் முன்னால். "மலைமேல வரைக்கும் கூட வந்து விட்டுட்டு வர்றனுங்க, ஒரு பாதுகாப்புக்கு" என்று சொல்லி, ஆறுச்சாமி ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். பாதுகாப்புக்காம். சாட்சிக்கு.

கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக ஏறி, குரங்குகள் உட்கார்ந்திருந்த மதில்களைத் தாண்டி, அணைத் தண்ணீர் கீழே கண்ணாடித்துண்டாகச் சிறுத்து, பனி இறங்குகிற உயரத்துக்கு வந்து, பாதி மலை கடந்துவிட்டோம் என்று நான் வாய்விட்டுச் சொன்ன அந்த வளைவில், இன்ஜின் கத்தியது, வண்டி நின்றது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தக் கத்தலை நான் ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டவன். பிரேக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஜீப் ஹாரன் அடித்தது. ஆறுச்சாமி இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வந்தார்.

"மாசமான பொண்ணுங்க சம்பந்தி. வீம்பு வேண்டாம். ஜீப்புல ஏத்திருவோம்."

"நான் எறங்க மாட்டேன் மாமா" என்றாள் தமயந்தி. "அப்பா வண்டியிலதான் போவேன். இல்லைன்னா திரும்பி நம்ம வீட்டுக்கே போறேன்."

சொர்ணம் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் அந்தத் தொட்டில் கொக்கி தொங்கியது.

போனில் டவர் இருந்தது. யாக்கோபுவுக்கு அடித்தேன், பின்னால் தெருவின் இரைச்சல் கேட்டது, கூடவே கிரைண்டர் சத்தமும் கேட்டது.

"டேய்! எத்தனை பிளேட்டுடா மாத்தினே?"

"ஒண்ணைத் தவிர எல்லாம் அண்ணாச்சி."

"அந்த ஒண்ணு?"

"நான் மாட்டேன்னுதான் சொன்னேன். தெருவே வந்து நின்னா நான் என்ன செய்ய? உளுந்துக்கு மட்டும் ஆவுற மாதிரி ஒண்ணே ஒண்ணு விடுன்னாங்க. மலை ஏறி வர்ற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். இப்ப ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க, மத்ததும் கருகிரும்."

நான் என்ன சொன்னேன் என்று எழுத முடியாது. சொர்ணம் மகளின் காதைப் பொத்தினாள். மூச்சு வாங்க நிறுத்தினபோது போனில் ஜெயக்கொடியின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, திட்டினது போதும். நீங்க மிதிச்சப்ப இங்க சுத்திச்சு. அன்னைக்கு மணவாளன் நாற்காலியைச் சுத்தினப்ப அங்க வண்டி நகந்துச்சு. நாங்க இங்கேருந்து சுத்தினா?"

என் மண்டையில் மாவு, நூல், முடி, உடைந்த விளக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. என்னைவிட முன்னாலேயே ஒருத்திக்குச் சேர்ந்திருக்கிறது என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சுத்தித் தொலைங்க!" என்றேன். இன்ஜினை அணைத்தேன். கியரைப் போட்டுப் பிரேக்கை மெல்ல விட்டேன்.

வண்டி பின்னால் போனது. ஆறுச்சாமி கத்திக்கொண்டு குதித்து விலகினார்.

"அந்தப் பக்கம் இல்லை! மறுபக்கம்! மணவாளா, உன் கையை முறிச்சுருவேன், மறுபக்கம் சுத்துடா!"

போனில் தடதடவென்று ஓடுகிற சத்தம், "மாத்திப் பிடிங்கடி" என்று ஒரு குரல், குழவி கல்லில் உரசுகிற சத்தம். வண்டி ஒரு குலுக்கு குலுங்கி, நின்று, யோசித்து, ஏற ஆரம்பித்தது.

இன்ஜின் ஓடாமல் ஒரு கார் மலையேறுகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பானெட்டுக்குள்ளிருந்து கிரைண்டரின் கடகடப்பும், தையல் மிஷின் மிதியின் தடக்தடக்கும், எண்ணெய் போடாத நாற்காலியின் கிறீச்சும் வந்தன, புளித்த மாவு வாசனை வந்தது, ஒவ்வொரு வளைவிலும் போனில் யாரோ "எனக்குக் கை விட்டுப்போச்சு, நீ பிடி" என்றார்கள், வண்டி லேசாகத் தளரும், இன்னொருத்தர் "நான் பிடிக்கிறேன், நகரு" என்பார்கள், வண்டி மறுபடி விறைக்கும். ஹமீது மிதிக்கிற வளைவில் வண்டி குதிரை மாதிரி தடுக்கித் தடுக்கிப் போனது. ஜெயக்கொடி சுற்றுகிற வளைவில் தண்ணீர்மேல் போகிற மாதிரி போனது. டவர் விட்டுப்போன இடத்திலும் நிற்கவில்லை. தமயந்தி சிரித்த சிரிப்பில் வளையலெல்லாம் குலுங்கின.

ஒரு திருப்பத்தில் ஆறுச்சாமி ஜீப்பைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஜன்னல் வழியே கேட்டார்: "இது எந்தக் கம்பெனி வண்டிங்க சம்பந்தி?"

"எங்க தெரு வண்டி" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தெருவுக்குள் ஏறும்போது மழை விட்டிருந்தது. எல்லோரும் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஜெயக்கொடி மட்டும் உள்ளே குழவியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். சொர்ணம் இறங்கி ஓடி, நாலு கொட்டாங்கச்சியையும் எடுத்தாள். பழங்கள் சுருங்கிக் கறுத்து அப்படியே இருந்தன. வண்டி அவற்றின்முன் வந்து தயங்கியது.

"இன்னும் ஒரு சுத்து, ஜெயக்கொடி!" என்று தெரு கத்தியது.

நசுங்கியது. ஒவ்வொன்றாக, நாலும்.

ஆறுச்சாமி கையை நீட்டித் தமயந்தியை இறக்கிவிட்டார். பிறகு யாரும் கேட்காமலே அவரும் போய்க் கிரைண்டரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

பேத்தி பிறந்து, நடு அறைக் கொக்கியில் தொட்டில் தொங்குகிறது. கடைசி பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாக்கோபு வாரம் தவறாமல் வருகிறான், "மாட்டவா?" என்று கேட்கிறான், நான் அடுத்த வாரம் என்கிறேன். அந்தப் பிள்ளைக்கு என் குணம். மத்தியானச் சோறு முடிந்து ஊர் கண்ணசருகிற நேரத்தில் வீறிட்டு அழும். ஆட்டினால் நிற்காது, பாடினால் நிற்காது. சொர்ணம் கதவைக் காட்டுவாள். நான் அவளையும், தெருவையும், மேல்பாறை மேனேஜரையும் திட்டிக்கொண்டே வெளியே போய், வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகி, மெதுவாக, மாவு தெறிக்காத அளவுக்கு மெதுவாக மிதிப்பேன்.

வண்டி ஒரு அங்குலம் நகராது. உள்ளே தொட்டில் ஆடும்.